காது கிழிந்த யானை நிற்கும் இடம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. கல்முனையில் காட்டு விலங்குகளையும் வெளிகளையும் வரைகிற நுஸ்ஹா என்னை நம்பிச் சொன்னது. நம்பிச் சொன்னதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெட்கந்தான்.

முதல் தொடக்கம்: "______ குளக்கட்டின் ஓரம் ஒரு மருதமரம் நின்றது." [குளத்தின் பெயரை வெட்டிவிட்டேன். காரணம் வரும்.]

2

நுஸ்ஹா பார்த்ததைப் பார்த்தபடி கீறுகிறவள். மரத்தில் எத்தனை கிளையோ படத்திலும் அத்தனை. கண்காட்சியில், குளக்கட்டு மருதமரத்தடியில் யானை நிற்கிற அவளுடைய படத்தின் முன்னால் காலிதீன் வந்து நின்றார். சம்மாந்துறை விவசாயி. போன போகத்தில் அவருடைய தம்பி சியாமை வட்டையில்* காது கிழிந்த யானை ஒன்று அடித்துக் கொன்றது.

"இதான். காது கிழிஞ்ச யானை. இந்த மரம் எங்க நிக்கிது, புள்ள?"

"காக்கா, காது கிழியல்ல. சாயம் சிந்திட்டு. அத மறைக்கத்தான் கிழிசலாக் கீறினன்."

"மரம் சரியாம், குளம் சரியாம், காது மட்டும் பொய்யாம். ஆருக்கிட்டக் கதைக்கிறாய்?"

அவள் படத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். காலிதீன் பூசணிக்காய்க்குள் வெடி வைக்கப்போகிறார் என்று ஊரே பேசியது. அந்தப் படத்தில் யானையின் காலடியில் ஒரு குட்டியும் நிற்கிறது.

* வட்டை: எங்கள் பக்கத்தில் வயல்வெளி. காக்கா என்றால் அண்ணன். (சியாமின் ஜனாஸாவுக்கு நானும் போனேன். மூன்று பிள்ளைகள். காலிதீனைக் கெட்டவராக்க இரண்டு முறை முயன்றேன், கை வரவில்லை.)

3

முடிவுகள்.

(அ) காலிதீன் மனம் மாறுகிறார். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

(ஆ) வெடி வெடிக்கிறது. குட்டி தாயின் வாயை [எழுத மாட்டேன்]

(இ) கதவைத் தட்டுகிறார்கள்.

4

காலிதீன் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"நுஸ்ஹாட கதைய எழுதுறீங்களாம். இடம் உங்களுக்குத் தெரியும். வாயால சொல்ல வேணாம், எழுதுங்க. நான் வாசிச்சுக்கிறன்."

"அது சியாம அடிச்ச யானை இல்ல, காக்கா."

"அப்ப எது? அதையாவது எழுதுங்க."

எனக்குத் தெரியாது. சாகாமக் குளம் என்று பொய்யாக எழுதலாம், பேனாவையும் எடுத்துவிட்டேன். ஆனால் இந்தப் பக்கத்தில் யானை வராத குளம் ஏது? எந்தப் பெயரை எழுதினாலும் அங்கே ஒரு யானை சாகும். எழுதாமல் விட்டால், நாளைக்கு வட்டைக்குப் போகிறவன் திரும்பி வருவான் என்று நான் பிணை நிற்க முடியுமா? பயமாக இருக்கிறது.

முதல் தாள்களை அவர் எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். அடிக்குறிப்புக்கு வந்திருக்கிறார். தம்பியின் பெயரில் விரலை வைத்தபடி இருக்கிறார். இனி இந்தத் தாளைத்தான் கேட்பார்.

வாசகரே, என்னால் முடியாது. கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எதை எழுதினாலும் அவர் நம்புவார்.

மருதமரம் நிற்பது ______________