ஐம்பதாவது நொடி

பேச ஆரம்பித்த ஐம்பதாவது நொடியில் லிஃப்ட் மெக்கானிக்கின் குரல் நின்றுவிடும். சில நாள் நாற்பத்தெட்டில், சில நாள் ஐம்பத்திரண்டில், அறுபதைத் தாண்டியதில்லை. மறதியல்ல. அடுத்த வரி அவள் கண்முன்னேயே நிற்கும். தொண்டைதான் திறக்காது.

சேவைச் சங்கத்தின் பேச்சுப் பயிற்சியில் நான்கு வாரமாக இதே கதை. முதல் வாரம் பயம் என்றார்கள். அடுத்த வாரம் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினாள். மூன்றாம் வாரம் மைக்கை மாற்றினார்கள். நான்காம் வாரம் அவளே உரையின் கடைசிப் பத்தியை முதலில் வைத்துப் பார்த்தாள். அப்போதும் நின்றது. ஆகவே கோளாறு வரிகளில் இல்லை.

பயிற்சியில் ஒரு விதி உண்டு. கேட்பவர்கள் தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. வெளியே எந்தக் கூட்டமும் கைதூக்கி விடாது, இப்போதே பழகிக்கொள்ளுங்கள் என்பது பயிற்சியாளரின் வாதம். பயிற்சி மண்டபத்தில் முப்பது பேரும் சிலையாக உட்கார்ந்திருப்பார்கள். அதே உரையை வீட்டுச் சமையலறையில் நாத்தனாரிடம் அவள் மூன்று நிமிடமும் தடங்கலின்றிச் சொல்லிவிடுவாள்.

அந்த நாத்தனார்தான் சங்கத்தின் செயலாளர். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு வேலை. ஸ்டாப்வாட்ச் எப்போதும் அவள் கையில்.

"ஊர்ல இருக்கிற மெஷினையெல்லாம் சரி பண்றீங்க. சொந்த மெஷின்ல மட்டும் கைய விரிக்கிறீங்களே அண்ணி," என்றாள் அவள், அன்று மருத்துவமனை நடைவழியில் காத்திருந்தபோது.

"லிஃப்ட்டுன்னா கதவத் திறந்து பாத்துடுவேன். இத எங்கேர்ந்து திறக்கிறது?"

"எங்க டாக்டர் திறந்துடுவாரு. கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே இருந்தது மருத்துவமனை நிர்வாகக் குழுவின் அறை. கீழ்த்தளத்தில் சங்கம் நாற்பத்தோரு சக்கர நாற்காலிகளை வைத்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு இரவல் கொடுக்கிறது. அந்த நாற்காலிகள் பாதுகாப்பானவையல்ல என்று யாரோ புகார் சொல்லியிருந்தார்கள். குழு மூன்று நிமிடம் ஒதுக்கியது. பழுதுபார்ப்பவரே வந்து விளக்க வேண்டும். திருப்தியில்லையென்றால் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும். சங்கத்தில் நாற்காலிகளைப் பழுதுபார்ப்பது அவள் ஒருத்திதான்.

கதவு திறந்தது.

நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். ஒருவரும் அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் பன்னிரண்டில் இருந்தபோது அவள் ஆரம்பித்தாள். நாற்பத்தோரு நாற்காலி, எத்தனை வருட சேவை, மாதத்துக்கு எத்தனை நோயாளிகள். முள் பத்தைத் தொட்டபோது, சொல்லிவைத்த மாதிரி, குரல் நின்றது.

தலைவர் தாளைப் புரட்டினார். ஓரத்தில் இருந்த மருத்துவமனை டாக்டர் பேனாவை மூடினார். அடுத்த வரி அவள் கண்முன்னே அப்படியே நின்றது. வாய்க்கு மட்டும் வரவில்லை. முள் ஒரு சுற்றை முடித்துப் பன்னிரண்டைத் தாண்டியது.

அந்தரத்தில் நின்ற லிஃப்ட்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால், மெக்கானிக் முதலில் ஒன்று கேட்பாள். பதில் வரும்வரை அடுத்ததைச் சொல்ல மாட்டாள். அந்தப் பழக்கம் இப்போது தானாக வந்தது. வெளியே வந்த கொஞ்சக் காற்றில் கேட்டாள்:

"நான் பேசுறது கேக்குதுங்களா?"

தலைவர் நிமிர்ந்தார். "கேக்குதும்மா. சொல்லுங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் நெஞ்சு தானாக இறங்கி, புஸ்ஸென்று காற்று வெளியேறியது. அவ்வளவு காற்று உள்ளே இருந்ததா? அவளுக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சை இழுத்திருக்கிறாள். முழுதாக விட்டதே இல்லை. நிரம்பிய தொட்டியில் இன்னும் எங்கே ஊற்றுவது?

"பிரேக் புடிக்காத நாற்காலி சரிவுல என்னாகும், டாக்டர்?"

"உருண்டுடும்," என்றார் அவர், சற்றுத் திகைத்து. அதற்குள் அவள் மூச்சு வெளியே போனது.

"அதனால ஒவ்வொண்ணுலயும் நானே உக்காந்து, சரிவுல நிறுத்திப் பாத்துட்டுத்தான் வெளிய விடறேன். ஒரு தடவ வந்து பாக்குறீங்களா?"

தலைவர் தலையாட்டினார். மூச்சு வெளியே போனது. மிச்சமிருந்த நேரமும் இப்படியே ஓடியது.

"பாத்துடுவோம். எல்லாம் நீங்க சொல்றபடி இருந்தா இடம் உங்களுக்குத்தான்," என்றார் தலைவர்.

வெளியே நாத்தனார் சுவரில் சாய்ந்திருந்தாள். "கதவுகிட்ட காத வச்சிருந்தேன். அம்பதுல நின்னுச்சு, எனக்கு உசுரே போச்சு. அப்புறம் எப்படி ஓடுச்சு?"

"வீட்ல நீ வரிக்கு வரி குறுக்க பேசுவியே, அதான் மருந்து. மண்டபத்துல வாய மூடிட்டு உக்காந்துட்டீங்க எல்லாரும்."

"இத்தன வருஷத்துல என் வாய நல்லதுன்னு சொன்ன முத ஆளு நீங்கதான்."

மெக்கானிக் அவளிடமிருந்து பயிற்சிக் குறிப்பேட்டை வாங்கி, லிஃப்ட் பழுதுப் பதிவில் எழுதுவதைப் போலவே எழுதினாள்:

கோளாறு: ஐம்பதாவது நொடியில் குரல் நிற்கிறது. காரணம்: மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருவதில்லை. சரிசெய்த முறை: ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் ஒருவரைப் பார். அவர் தலையாட்டும்வரை காத்திரு; அதற்குள் மூச்சு முழுதும் வெளியே போய்விடும். பிறகு அடுத்த வாக்கியம். பயிற்சியில் கேட்பவர்கள் இனித் தலையாட்ட வேண்டும்.