அண்ணன் பெயரில் ஷிஃப்ட்

கேட் பாஸில் இருந்த முகம் செங்குட்டுவனுடையது. வியர்வை உள்ளே இறங்கி, லேமினேஷன் உப்பி, கண்ணும் மூக்கும் ஒரே கறையாகிவிட்டிருந்தன. ஹெல்மெட்டை இறக்கிப் போட்டுக்கொண்டால் அண்ணனா தம்பியா என்று பெற்றவளே குழம்புவாள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இளம்பரிதி இரண்டு வாரமாகச் சுரங்கத்துக்குள் போய்வந்தான்.

சுரங்கத்துக்கு ஆள் விடும் கான்ட்ராக்டரிடம் இது புதிதில்லை. கல்யாணம், காய்ச்சல், மாமனார் சாவு, எதுவானாலும் தம்பியோ மச்சானோ பாஸை வாங்கிக்கொண்டு வருவான். சூப்பர்வைசர் தெய்வசிகாமணிக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். ஆளே வராமல் இருந்தால்தான் வம்பு. சீனியாரிட்டி அறுந்துபோகும். பெர்மனென்ட் ஆக்கும் பட்டியல் என்றைக்காவது வந்தால் அதில் பெயர் இருக்காது. வடக்குத்து ஊரில் பாதி வீடுகள் அந்த என்றைக்காவதை நம்பித்தான் அடுப்பு மூட்டின.

செங்குட்டுவன் போனது காய்ச்சலுக்கோ சாவுக்கோ இல்லை. மெயின் பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்த ஷேக் தாவூத்தின் மகன் முகமது அசீம் அவனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். ஜியோ வந்த மறுவருஷம் அது. அசீம் போனில் எதையெதையோ பார்த்துவிட்டு, தாய்லாந்துக் கடலோரமாக பைக்கில் ஊர் ஊராகப் போவோம், முதுகில் ஒரு பை போதும், டிக்கெட் என் பொறுப்பு என்றான். சிங்கப்பூருக்குக் கூலி வேலைக்குப் போவதற்கென்று எடுத்து, போகாமலே கிடந்த பாஸ்போர்ட் செங்குட்டுவனிடம் இருந்தது.

"ரெண்டே வாரம்டா பரிதி. நீ ஒரகடம் போவறதுக்குள்ள வந்துடறேன்" என்றான்.

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் இளம்பரிதிக்கு வேலை கிடைத்திருந்தது. புதன்கிழமை சேர வேண்டும். டிப்ளமோ முடித்து இரண்டு வருஷம் அலைந்து வாங்கிய வேலை. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வேலை பெல்ட்டுக்கு அடியில். கரியும் களிமண்ணும் ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்துவதைச் சவுல் என்கிற மண்வாரியால் வழித்து மறுபடி மேலே எறிய வேண்டும். எறிய எறியச் சிந்தும். மழை பெய்தால் களிமண் ரோலரில் அப்பிக்கொள்ளும். கம்பியால் குத்திக் குத்திப் பெயர்க்க வேண்டும். நிமிர்ந்தால் தலை இடிக்கும். குனிந்தே இருந்தால் ஷிஃப்ட் முடியும்போது முதுகு நிமிராது.

"என்னா செங்குட்டு, ரெண்டே வாரத்துல இப்பிடி எளச்சிட்ட?" என்றான் கேங்கில் மூத்தவனான கொளஞ்சியப்பன். "ஃபாரின் போனா கலரு ஏறும்பாங்க. நீ கறுத்துப்பூட்டியே."

கேங்கே சிரித்தது. உள்ளே அவனை எல்லோரும் செங்குட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். செக்யூரிட்டி காதில் வேறு பெயர் விழுந்துவிடக் கூடாது.

சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால் படங்கள் வந்து விழும். ஹுவா ஹின், பிரச்சுவாப், பான் கிருட். வாயில் நுழையாத ஊர்களின் பெயரை அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பியிருந்தான். மலைப்படியில் குரங்குகள். துணி காயப்போடுவதுபோலக் கணவாய் மீனை வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். ராத்திரிக் கடலில் படகு விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. எல்லாப் படத்திலும் அண்ணன் சட்டையில்லாமல் நின்றான். பெல்ட்டுக்கு அடியில் விழுந்த கூன் தெரியவில்லை.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் தெய்வசிகாமணி எல்லோரையும் கூப்பிட்டார்.

"செவ்வாக்கெழமைலேர்ந்து பாஸு செல்லாது. மிசினு வருது. இனிமே வெரல்தான். திங்கக்கெழம காலைல எல்லாரும் வந்து வெரலப் பதிஞ்சிடணும். பதியாதவன் பேரு அன்னிக்கே போச்சு. கையெடுத்துக் கும்புட்டாலும் என்னால ஆவாது."

கலைந்து போகும்போது இளம்பரிதியைத் தனியாக நிறுத்தினார்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ யாருன்னு கேக்கவும் மாட்டேன். திங்கக்கெழம எவன் வந்து வெரல் வெக்கிறானோ, அவன்தான் செங்குட்டுவன்."

"அண்ணன் நாளைக்கி வந்துடுவாருங்க."

"வந்தா நல்லது."

அன்று சாயங்காலம் வாட்ஸப்பில் அண்ணனே கூப்பிட்டான். பேச்சுக்குப் பின்னால் அலைச் சத்தம்.

"பரிதி, சாப்ட்டியா?"

"அதெல்லாம் ஆச்சு. நாளைக்கி எத்தினி மணிக்கு ஃபிளைட்டு?"

"அசீம் வரான்."

"நீ?"



"இங்க ஒரு அம்மா கடலண்ட லாட்ஜு வெச்சிருக்குது. தண்ணி மோட்டாரு ஓடல. கழட்டி சரி பண்ணிக் குடுத்தேன். இங்கியே இருந்துக்கிறியான்னு கேக்குது."

"எந்த பாஷைல கேட்டுச்சு?"

"கையாலதான்." அண்ணன் சிரித்தான். வீட்டில் அவன் அப்படிச் சிரித்து இளம்பரிதி கேட்டதில்லை.

"விசா?"

"முடிஞ்சாலும் ஃபைன் கட்டிக்கலாமாம். பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாமா? திங்கக்கெழம இங்க வெரல் வெக்கணும்ணே. வெக்கலன்னா பேரு போவுது. புதங்கெழம நான் ஒரகடத்துல நிக்கணும். மறந்துட்டியா?"

"மறக்கலடா. நீ வெச்சிடு. நான் வந்து மாத்திக்கிறேன்."

"வெரல எப்பிடி மாத்துவ?"

 அண்ணன், வெயில் எப்படி என்று விசாரிக்கிற குரலில் கேட்டான்: "பெல்ட்டுக்கு அடியில எப்பிடிடா இருக்குது?"

"எப்பிடி இருக்கும்? இடுப்பு விட்டுப் போவுது."

"எனக்கு அப்பப் பத்தொம்போது வயசு."

 அப்பா சாமிக்கண்ணு செத்த பிறகு அந்தச் சவுலைப் பிடித்தவன் அண்ணன். தம்பியின் டிப்ளமோ அந்தச் சவுலில் வந்தது. போனை யார் முதலில் வைத்தார்கள் என்று இளம்பரிதிக்கு நினைவில்லை.

முத்தாண்டிக்குப்பத்து முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைத்துவிட்டு அம்மா வீராயி வந்தாள். அவள் கால் கழுவும்போதே எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப நீ போயி வெய்யி" என்றாள்.

"ஒரகடம்?"

"அது போனா இன்னொண்ணு வரும். இது போனா வருமா? உங்கப்பன் நின்ன எடம்டா. அப்பறம் ஏழு வருசம் அவன் நின்னான். ஒரு நாளு மொனகியிருப்பானா? இப்ப ஓடிட்டான். ஓடட்டும். நீ நில்லு."

"நானும் ஓடிட்டா?"

அம்மா கோபப்படவில்லை. இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். முந்திரித் தோட்டின் பால் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்து, வழுவழுவென்று இருந்தன.

"எனக்கு ரேகை இருந்தா நானே போயி வெப்பேன்டா. ஆதாருக்கே ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டான். உங்கிட்ட இருக்குது."

சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அசீம் வந்து சேர்ந்தான். அண்ணன் கொடுத்தனுப்பியதாக ஒரு பாக்கெட் கணவாய்க் கருவாட்டைக் கொண்டுவந்தான். "நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் பரிதி. கால தண்ணியில வுட்டுகினு ஒக்காந்துட்டான். கட்டி இழுத்துகினா வர முடியும்?" என்றான். அம்மா கருவாட்டை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை தகரக் கன்டெய்னருக்குள் ஒரு மேசை, ஒரு லேப்டாப், சிவப்பு வெளிச்சம் வரும் சின்னப் பெட்டி. வெளியே வரிசை நின்றது. கட்டை விரல் மட்டும் என்றுதான் இளம்பரிதி நினைத்திருந்தான்.

"பத்து வெரலும் வைங்க" என்றான் மிசின்காரன். "பேரு?"

இளம்பரிதி திரும்பித் தெய்வசிகாமணியைப் பார்த்தான்.

"சொல்லுடா செங்குட்டு" என்றான் பின்னால் நின்ற கொளஞ்சியப்பன். "ஊரு சுத்திட்டு வந்ததுல பேரே மறந்துபோச்சா?"

வரிசை சிரித்தது. தெய்வசிகாமணி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செங்குட்டுவன்."

"அழுத்துங்க. இன்னும் கொஞ்சம். ஈரத்த தொடச்சிட்டு வைங்க."

ஒவ்வொரு விரலாக வைத்தான். ஒவ்வொன்றுக்கும் பெட்டி கீச்சென்றது. இடது கைச் சுண்டு விரல் மட்டும் ஏறவில்லை. மூன்றாவது தடவை அது ஏறுவதற்குள், ஏறாமலே போய்விடாதா என்று அவன் ஒரு நிமிஷம் ஆசைப்பட்டான். ஏறிவிட்டது.

புதன்கிழமை பகல். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் போன் நடுங்கியது. சென்னை எண். சவுலைச் சாய்த்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு எடுத்தான்.

"மிஸ்டர் இளம்பரிதிங்களா? ஒரகடம் ஹெச்.ஆர்.லேர்ந்து பேசறேங்க. காலைல ஜாயின் பண்ண வரலையே?"

இரண்டு எட்டு தள்ளி செக்யூரிட்டி நின்றுகொண்டிருந்தான். கொளஞ்சியப்பன் "யார்ரா செங்குட்டு?" என்றான்.

"இளம்பரிதி ஊர்ல இல்லீங்க" என்றான் அவன்.

"எப்ப வருவாரு?"

"தெரியலீங்க."

மறுமுனையில் இருந்த பெண் சரி என்று வைத்துவிட்டாள். அதற்குள் காலடியில் முட்டி உயரத்துக்கு மண் சேர்ந்திருந்தது. குனிந்தான்.