ஈர்க்குச்சி யார் பக்கம்

லிப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதர் யாரைப் பார்த்தும் வயிறெரிந்தவர் அல்ல. தம்பி மாடிவீடு கட்டியபோதுகூட மனசார வாழ்த்திவிட்டு வந்தார். அப்பேர்ப்பட்டவருக்கு மச்சினன்மேல் பொறாமை வந்தது, அதுவும் ஒரு நாயால்.

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் அது. எலும்பும் தோலுமாக வந்ததை ஈர்க்குச்சி என்று பெயரிட்டுத் தேற்றியவர் அவர்தான். வேலை போய் அக்கா வீட்டில் தங்க வந்த மச்சினன், பொழுது போகாமல் அதைக் காலையில் நடக்கக் கூட்டிப்போனான். மாதம் திரும்புவதற்குள் நாய் அவன் கட்டிலடியில் படுக்க ஆரம்பித்துவிட்டது. சோறு போடுகிறவன் ஒருத்தன், சொந்தம் கொண்டாடுகிறவன் இன்னொருத்தன் என்று மனைவியிடம் குத்திக்காட்டினார். நாய்க்குக்கூடப் போட்டியா என்று அவள் சிரித்ததில் எரிச்சல் இரட்டிப்பானது.

மச்சினன் ஓர் அகலமான கழுத்துப்பட்டை வாங்கி வந்திருந்தான். இந்த நாய்க்குக் கழுத்தைவிடத் தலை சிறுத்தது, சாதாரணப் பட்டை என்றால் பின்னால் இழுத்து உருவிக்கொள்ளும் என்று விளக்கினான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் எழுவதற்கு முன்பே, தான் வாங்கிய பழைய பட்டையை மாட்டிக் கிளம்பினார். பூங்கா வாசலில் பால்காரர் நாயைத் தடவிக்கொடுத்து, "உங்க மச்சினன் வரலையா? அவரோட நாயாச்சே இது" என்றார்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. வாரை வெடுக்கென்று இழுத்தார். அந்நேரம் பார்த்து ஒரு பேருந்து பக்கத்தில் புஸ்ஸென்று காற்றை விட்டது. மிரண்ட நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டது. கையில் வெறும் பட்டையும் வாரும்தான் மிச்சம்.

கத்திக்கொண்டே துரத்தினார். துரத்தத் துரத்த அது தள்ளிப் போயிற்று. தெருமுனைக்கு அப்பால் லாரிகள் பறக்கும் பெரிய சாலை. மானம் பார்த்தால் நாய் போய்விடும். மச்சினனுக்குப் போன் போட்டார்.

"ஓடாதீங்க மாமா. நீங்க ஓடினா அதுவும் ஓடும். முதுகைக் காட்டிக்கிட்டு அப்படியே கீழ உக்காருங்க. மெதுவா ஏதாவது பேசுங்க. நான் வந்துடறேன்."

பள்ளிக்கூட மதிலோரம் மண்ணில் உட்கார்ந்தார். போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வாய்க்கு வந்ததைப் பேசினார். மச்சினனைத் திட்டினார், தன்னையும் திட்டிக்கொண்டார், குரலை மட்டும் உயர்த்தவில்லை. வெகுநேரம் கழித்துப் பிடரியில் ஈரமூக்கு உரசியது. மெல்லத் திரும்பி அதன் மார்பைச் சுற்றி அணைத்துக்கொண்டார். என்னிடம்தான் வந்தது என்று தெருவுக்கே கேட்கக் கத்த வேண்டும்போல் இருந்தது.

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அகலப் பட்டையோடு மச்சினன் ஓடி வந்தான். அவனைக் கண்டதும் நாய் வாலை ஆட்டிய வேகத்தில் அதன் இடுப்பே ஆடியது. தன்னிடம் வந்தபோது அந்த வால் ஆடியதா? முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் மனைவி விசாரித்தாள். மச்சினன் முந்திக்கொண்டு, "மாமா கூப்பிட்டதும் வந்துடுச்சுக்கா" என்றான். அவன் விட்டுக்கொடுத்துப் பேசியது அவருக்கு இன்னும் கசந்தது.

மறுநாள் காலையில் அவனை அவரே எழுப்பினார். பட்டையை எப்படி மாட்டுவது என்று காட்டச் சொன்னார். இருவரும் சேர்ந்துதான் போனார்கள். வாரை மட்டும் அவர் கடைசிவரை அவனிடம் கொடுக்கவில்லை.