கோழிகளுக்குப் போட்ட வெளிச்சம்

பெண் பார்க்க வந்தவர்களிடம் கிருத்திகாவின் அம்மா, "எங்க புள்ள கோழி கூவறதுக்கு முன்னால எந்திரிச்சுருவாங்க" என்று சொல்லி வைத்தாள். அஸ்தம்பட்டியில் அவர்கள் தெருவில் கூவுவதற்குக் கோழியே கிடையாது என்பதால் அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கிருத்திகா எட்டு மணிக்கு எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று யோசித்து, விடை கிடைக்காமல் மறுபடி படுக்கிற ரகம். அலாரம் அடித்தால் கை தானாகப் போய் அணைத்துவிடும். மூளைக்குத் தகவலே போகாது.

மாப்பிள்ளை ஜெகதீஸ்வரனுக்கு நாமக்கல் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை, வீடும் அதற்குள்ளேயே. முட்டைக்கோழி கூவாது. ஆக, அம்மா சொன்னது இங்கேயும் செல்லும்.

கல்யாணம் முடிந்ததும் சிக்கல் மாமியார் சென்னம்மாள் ரூபத்தில் வந்தது. கிருத்திகா திருச்செங்கோட்டு இன்ஜினியரிங் காலேஜில் கணக்கு நடத்துகிறாள். காலேஜ் பஸ் ஏழு மணிக்கே பண்ணை வாசலில் வந்து நிற்கும்.

"வேலைக்குப் போகட்டும் சாமி, நான் வேண்டாங்கல" என்றாள் சென்னம்மாள் மகனிடம், மருமகள் காதில் விழும்படி. "நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து நாலு மணிக்கு எந்திரிக்கறேன். அவளும் எந்திரிச்சு ஊட்டு வேலைய முடிச்சுப்போட்டுப் போகட்டும். தூங்கிப்போயி ஒரு நாளைக்கு பஸ்ஸ உட்டான்னா, அன்னைக்கோட நின்னுக்கட்டும்."

வேலை ஒரு வாரம் தாங்கும் என்று கிருத்திகா கணக்குப் போட்டாள். மார்கழி மாதம், ஆறரை வரை விடியாத காலம், கம்பளிக்குள் சுகமோ சுகம். ஆனால் மறுநாள் நாலு மணிக்குக் கண் பளிச்சென்று திறந்துகொண்டது. அதற்கடுத்த நாளும் அப்படியே. அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டு, சட்னி அரைத்து, பஸ்ஸுக்காக இவள் காத்திருந்தாள். கல்யாணம் தன்னைத் திருத்திவிட்டது என்று நம்பினாள். அம்மாவுக்குப் போன் போட்டு, "உன் வளர்ப்புதான் சரியில்லை" என்றும் சொன்னாள். ராத்திரி எட்டு மணிக்கே சோற்றுத்தட்டின் முன்னால் தலை ஆடியதை மட்டும் சொல்லவில்லை.

வீட்டுப் படுக்கையறை ஜன்னல்களுக்கு நேர் எதிரே கோழி ஷெட். அங்கே டைமர் நாலு மணிக்கு அத்தனை பல்பையும் போட்டுவிடும்.

"இது எதுக்குங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கோழி மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குது. பொழுது நீளமா, கட்டையான்னு வெளிச்சத்த வெச்சுத்தான் அது கண்டுபிடிக்கும். மார்கழியில பொழுது சுருங்குதல்ல, முட்டையும் சுருங்கிப்போகும். நாம லைட்டப் போட்டா சித்திரைன்னு நெனச்சு இட்டுக்கிட்டே இருக்கும்."

"பாவம். ஒரு பல்பு போட்டு ஏமாத்தறீங்களே. அதுக்கு அறிவு அவ்வளவுதான்" என்றாள் கிருத்திகா, எம்.எஸ்சி.

தை பிறக்கும் முன், முட்டை குறைந்து வயதாகிப்போன கோழிகளை மொத்தமாக லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, டைமரையும் நிறுத்தினான் ஜெகதீஸ்வரன்.

மறுநாள் கிருத்திகாவை எழுப்பியது பஸ்ஸின் ஹாரன். மணி ஏழு. முடியை அள்ளி முடிந்துகொண்டு வாசலுக்கு ஓடுவதற்குள் பஸ் திருப்பத்தில் மறைந்துவிட்டது. அவ்வளவுதான், வேலை போயிற்று. தீர்ப்பைக் கேட்கத் திரும்பினாள்.

நீதிபதியைக் காணோம். வாசல் தெளிக்கவில்லை. அடுப்பு எரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளறைக் கதவு திறந்தது. கன்னத்தில் தலையணைக் கோடு பதிய, சென்னம்மாள் வந்து நின்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, இருவரும் சேர்ந்து ஷெட்டைப் பார்த்தார்கள்.

"பஸ்ஸு இன்னும் வரலியா கண்ணு?"

"வரலீங்க அத்தை."

"லேட்டாட்டம் இருக்குது."

"ஆமாங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் யாருமில்லாத நேரம் பார்த்து கிருத்திகா ஷெட்டுக்குள் நுழைந்தாள். டைமர் பெட்டிக்கு முன்னால் சென்னம்மாள் நின்று, கண்ணாடியை மூக்கில் இறக்கி, முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"எலி வருதான்னு பாக்க வந்தேன் சாமி" என்றாள்.

"நானும் அதுக்குத்தாங்க அத்தை. உடுங்க, நான் வெக்கறேன். நாலுக்குத்தானுங்களே?"

"நாலே காலுக்கு வையி" என்றாள் சென்னம்மாள். "குளிரா இருக்குது."

மறுநாள் இருட்டோடு ஜெகதீஸ்வரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தான். "கோழியே இல்லாத ஷெட்டுக்கு எதுக்கும்மா லைட்டு? புதுக்கோழி வர்ற வரைக்குமாச்சும் தூங்கலாம்னு பாத்தேன்."

"சுண்ணாம்பு காயட்டும்" என்றாள் சென்னம்மாள்.

"ஈரமா இருக்குதுங்க" என்றாள் கிருத்திகா, தேங்காயைத் துருவிக்கொண்டே.

ஏழு மணிக்கு பஸ் வந்தது. அவள் வாசலில் நின்றிருந்தாள்.