நான் கிளப்பிய புரளி

அணிகள் வரிசையாக ஆளுக்கொரு கல்லூரி வீரரை எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில், எங்கள் டுலூத் அமெரிக்கக் கால்பந்து அணி மூன்றாவதாக எடுக்க வேண்டும். பந்தெறிகிற பிரெக்கைத்தான் எடுக்கப்போகிறோம் என்று பத்திரிகைக்காரர்களிடம் கசியவிட்டவனே, அணிக்கு ஆள் தேர்வுசெய்யும் மேலாளரான நான்தான். அதை நம்பி வேறு அணி ஏதாவது எங்களை முந்திவந்து அவனை அள்ளிக்கொண்டால், பந்தெறிபவனைக் காத்து நிற்கும் தடுப்பாட்டக்காரன் ஃபலேயோலோ எங்களுக்கு மிஞ்சுவான் என்று கணக்கு.

ஒருத்தரும் நம்பவில்லை, எங்கள் முதலாளி விட்லாக்கைத் தவிர. எங்கள் முறை வந்தபோது இருவருமே மிச்சமிருந்தார்கள். முதுகில் பிரெக் பெயர் போட்ட சட்டையோடு முதலாளி வந்து நின்றார்.

"பிரெக் பேரை எழுதுய்யா!"

"அது நான் கிளப்பிவிட்ட புரளி சார்."

"ஊரே அவனைத்தான் கேக்குது!"

"போன வருஷம் நமக்குப் பந்தெறிஞ்சவனை அறுபது தடவ தரையில சாய்ச்சாங்க. முன்னாடி நின்னு தடுக்க ஒரு ஆள் இல்ல. இவனையும் சாய்க்கணுமா?"

"உன் வேலை போயிடும்!"

சீட்டில் ஃபலேயோலோ பெயரை எழுதி மேடைக்குக் கொடுத்தனுப்பினேன்.

"வேலைய எடுத்துக்குங்க சார். சீட்டு போயாச்சு."