கீழ்ப் பாத்தியில் முளைத்தது

கொத்தமல்லி விதைத்த இடத்தில் வேறு எதுவோ முளைத்திருந்தது. கடிகாரம் பழுது பார்ப்பவர் குந்தி உட்கார்ந்து, கடையில் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை இங்கேயும் செருகிக்கொண்டு பார்த்தார். பூனைமுடி படர்ந்த தண்டு. பல் பல்லாய் வெட்டுப்பட்ட இலை. அதுவும் பாத்தி முழுக்க இல்லை. மேல் ஓரத்தில் மட்டும், பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களைப் போல ஒரே கூட்டம்.

குடியிருப்பின் பின்னால் குப்பையாகக் கிடந்த சரிவை எல்லோருக்கும் பொதுத் தோட்டமாக்கியபோது, சங்கச் செயலாளர் வீட்டு வரிசைப்படியே பாத்தி பிரித்தார். கட்டடத்தில் யார் தலைக்கு மேல் யார் இருக்கிறார்களோ, சரிவிலும் அப்படியே. "சண்டையே வராது பாருங்க," என்றார்.

கடிகாரக்காரரின் தலைக்கு மேல் இருப்பது அவருடைய அக்கா. அவள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் இவர் கூடத்தில் சொட்டியபோது, மாடியேறிச் சொல்லாமல் சங்கத்துக்குப் புகார் எழுதிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. லிஃப்டில் எதிர்ப்பட்டால் அக்கா மாடி எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு வருவாள்.

"என்ன சார், கொத்தமல்லிக்கு மீசை முளைச்சிருக்கு?" செயலாளர் பின்னால் நின்றார்.

"என்ன செடின்னு தெரியல."

"எதுவா இருந்தா என்ன, உங்க பாத்தியில வந்தது உங்களுது. உங்கக்கா பாத்தியப் பாருங்க, வழிச்சுவிட்ட மாதிரி இருக்கு. கேட்டா, போட்ட விதையெல்லாம் தின்னுடுச்சுன்னு புறாவத் திட்டுறாங்க. நாளைக்கும் மொட்டையா இருந்தா வேற வீட்டுக்குக் குடுத்துடுவோம். ஆள் காத்துக்கிட்டிருக்கு."

அவர் போனபின் கடிகாரக்காரர் ஓர் இலையைக் கிள்ளி, நசுக்கி, முகர்ந்தார். தக்காளி.

நிமிர்ந்து சரிவைப் பார்த்தார். அக்கா பாத்தியிலிருந்து அவர் பாத்திவரை விரல் அகலத்துக்கு மண் அரித்துக் கிடந்தது. செடிக்கு ஊற்றுவதென்றாலும் அக்கா வீடு கழுவிவிடுவது போலத்தான் வாளியைக் கவிழ்ப்பாள்.

பேசாமல் இருப்பது அவருக்குக் கஷ்டமில்லை. பகலெல்லாம் பற்சக்கரங்களோடு காலம் தள்ளுகிறவர். செயலாளரிடம் ஒரு வார்த்தை போட்டால் அக்காவின் பாத்தி தப்பிவிடும். ஆனால் அது மறுபடியும் அக்காவிடம் சொல்லாமல் சங்கத்திடம் போகும் அதே வேலை.

எழுந்தார். மாடியேறி மணியை அழுத்தினார்.

அக்கா கதவைப் பாதி திறந்தாள். "என்ன, திரும்ப ஒழுகுதா?"

"ஆமா. உன் தக்காளி ஒழுகி என் பாத்தியில முளைச்சிருக்கு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப, புறா இல்லையா?"

"புறா பாவம்க்கா."

செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினாள். பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தவள், தொலைந்த சாமானைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு நாற்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"தண்ணிய மெதுவா ஊத்தக் கூடாதா?" என்றார் அவர்.

"இப்படி வந்து கேட்டா ஊத்தமாட்டேன்னா சொல்றேன்?"

அக்கா ஒரு நாற்றை மண்ணோடு அள்ளி அவர் கைகளில் வைத்தாள்.

"மண் உதிராமக் கொண்டு போய் மேல வை. பாதி எனக்கு, பாதி உனக்கு. ஏண்டா, இவ்வளவு செழிப்பா எப்படி வந்துது?"

"தெரியலக்கா. நான் ஒண்ணுமே பண்ணல."

"அதான் வந்திருக்கு," என்றாள் அக்கா, அடுத்த நாற்றைத் தோண்டிக்கொண்டே.