ஐந்தாவது தலை

கல்லூரி அலுவலகத்தில் சரண்யாதேவி மேடம் பீரோவைத் திறந்ததும் பழுப்பு உறைகள் சரிந்து விழப் பார்த்தன. முந்நூறு உறையாவது இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளையின் பெயர், உள்ளே டி.சி., மார்க் ஷீட்டு, சாதிச் சான்றிதழ், எல்லாம் ஒரிஜினல். இரண்டு மாதமாக ஊர் ஊராகப் போய் நாங்கள் வாங்கி வந்தவை. வாங்கி என்பது கௌரவமான சொல். பிடுங்கி என்று எழுதினால்தான் சரி. ஒரிஜினல் எங்கள் பீரோவுக்குள் வந்துவிட்டால் அந்தப் பிள்ளை வேறெந்தக் கல்லூரியிலும் போய்ச் சேர முடியாது. அதற்காகத்தான் பீரோவே.

ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று பொய் சொல்லி, சத்யப்ரியா என்று எழுதியிருந்த உறையை வாங்கினேன். மேடம் என் முகத்தையும் உறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போங்கள், அப்புறம் என்னை யாரும் கேட்கக் கூடாது என்றார். போட்டேன். விஜய்ஆனந்த், உதவிப் பேராசிரியர், மெக்கானிக்கல். எழுதும்போதே கூசியது.

வாடிப்பட்டி போகிற வழியில், பொட்டலில் நிற்கிற கல்லூரி எங்களுடையது. ஒன்பது மாதம் பாடம் எடுப்போம், மூன்று மாதம் ஆள் பிடிப்போம். வாத்தியார் ஒருவருக்கு ஐந்து தலை. பிரின்சிபால் அப்படித்தான் சொல்வார், ஆட்டுச் சந்தைக்காரர் மாதிரி. ஐந்து தேறவில்லை என்றால் ஜூலையில் வேலை இருக்காது. நன்றாகப் படித்த பிள்ளைகள் எங்களை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். ஆகவே ரிசல்ட் வந்த மறுநாளே, எந்தப் பள்ளியில் யார் குறைந்த மார்க் என்ற பட்டியல் எங்கள் கைக்கு வந்துவிடும். எப்படி வருகிறது என்று நான் கேட்டதில்லை. அழுதுகொண்டிருக்கிற வீடாகப் பார்த்து, கல்லூரிப் பெயர் போட்ட பையும் அரைக்கிலோ லட்டுமாகப் போய் நிற்போம். என்னையும் இப்படித்தான் பிடித்தார்கள். ப்ளஸ் டூ கணக்கில் நான் எடுத்தது இருநூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. எங்கள் சௌராஷ்டிரா தெருவில் அம்மா ஒரு மாதம் வெளியே தலைகாட்டவில்லை. அப்போது லட்டோடு வந்தவர்தான் இப்போது எங்கள் பிரின்சிபால்.

சத்யப்ரியா எடுத்தது அறுநூற்றுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. அலங்காநல்லூரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அப்பா முத்துக்கருப்பன், இரண்டு குறுக்கம் நிலத்தில் கரும்பு. நான் போன அன்று அந்தப் பெண் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. எல்லா வீட்டிலும் ஒப்பிக்கிறதை அங்கேயும் ஒப்பித்தேன். மார்க் வேற, மூளை வேற அண்ணே. கண்ணைப் பார்த்தாலே தெரியுது, உங்க மகளுக்குள்ள ஒரு இன்ஜினியர் இருக்கா. கண்ணை எங்கே பார்த்தேன், கதவு இடுக்கில் ஒரு தாவணி முனையைத்தான் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு அவள் வெளியே வந்தாள்.

அதோடு விட்டாரா முத்துக்கருப்பன். சர்டிபிகேட்டைக் கொடுங்கள் என்று நான் கேட்டதும், நாள் பார்த்துத்தான் தருவேன் என்றார். அடுத்த புதன்கிழமை போனபோது பங்காளிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் டி.சி. நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு மாற்றுகிற மாதிரி, கிழக்கே பார்த்து நின்று கொடுத்தார். படிப்புக் காகிதத்தைத் தாம்பாளத்தில் வைத்து யாராவது தருவார்களா? வாத்தியார் வீடு தேடி வந்ததை அவர் அப்படி எடுத்துக்கொண்டார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். வண்டியில் ஏறியதும் ஐந்தாவது தலை முடிந்தது என்று துறை குரூப்பில் மெசேஜ் போட்டேன். 

நேற்றுச் சாயந்திரம் அந்தப் பெண் போன் செய்தாள். அப்பாவுக்குத் தெரியாமல் மதுரையில் அரசு மகளிர் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டிருந்தாளாம். கடைசிச் சுற்றில் பி.எஸ்சி. கணக்கில் இடம் காலி, இன்று பத்து மணிக்குள் ஒரிஜினலோடு வரச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறது. "கணக்குல எனக்கு மார்க் கொறவுதான் சார். ஆனா அது எனக்குப் புடிக்கும்," என்றாள். உறையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று பிரின்சிபாலிடம் கேட்டேன். தாம்புக்கயிற்றை நாமே அவிழ்த்து விடுவதா என்று சிரித்தார்.

அதன் பிறகுதான் மேடத்திடம் அந்த ஜெராக்ஸ் பொய். இன்று காலை அவர்கள் வீட்டுக்கு நான் போனபோது மணி எட்டு. முத்துக்கருப்பன் வாங்க சார், வாங்க சார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உறையை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். மகளை ஒரு பார்வை பார்த்தார். அவள் குளித்துக் கிளம்பித் தயாராக நின்றிருந்தாள். அவர் உறையைத் தொடவே இல்லை.

"தாம்பாளத்துல வச்சுக் குடுத்தது சார். ரெண்டு பேரு சாட்சி. திரும்ப வாங்குனா எம்மவள நானே வேணாம்னு சொன்ன மாதிரி."

அரசுக் கல்லூரி நல்லது, செலவில்லை, பஸ் இலவசம் என்று என்னென்னவோ சொன்னேன். எதுவும் ஏறவில்லை.

"பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியாரும் இவள ஆளா மதிக்கல. ஆயிரம் புள்ளையில இவளப் பாத்து நீங்கதேன் தேடி வந்தீக. இம்புட்டுப் பெரிய வார்த்தை சொன்னீக. ஒங்கள நம்பித்தேன் விடுறேன்."

மணி எட்டரை. எட்டே முக்கால் பஸ்ஸை விட்டால் அவள் பத்துக்குப் போய்ச் சேர முடியாது. எனக்கு அப்போது வந்த நினைப்பையும் சொல்லிவிடுகிறேன். அப்பன் மாட்டேன் என்கிறார், நம்மால் ஆனதைச் செய்தாயிற்று, உறையைத் திரும்ப பீரோவில் வைத்துவிடலாம், தலையும் ஐந்தாகவே இருக்கும். நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, நான் ஒங்க மகளத் தேடி வரல," என்றேன். "மார்க் கொறஞ்ச பிள்ளைக லிஸ்ட்டு ஒண்ணு குடுத்தாங்க. அதுல ஒங்க வீடு இருந்துச்சு. அஞ்சு பேரச் சேத்தாத்தான் எனக்கு வேலை. எங்க காலேஜு நல்ல காலேஜு இல்லண்ணே."

முத்துக்கருப்பன் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்யப்ரியாதான் பேசினாள்.

"அப்ப, எனக்குள்ள இன்ஜினியர் இருக்கான்னு சொன்னது?"

"எல்லார் வீட்டுலயும் சொல்றதும்மா."

அவள் அழவில்லை. முகம் மட்டும், ரிசல்ட் வந்த அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படி ஆனது. அந்த முகத்தை அன்று நான் பார்க்கவில்லை, இன்று பார்த்தேன். அவளுக்கு ஒன்றைக் கொடுக்கப் போய் இன்னொன்றைப் பிடுங்கியிருந்தேன். நேராக வந்து என் கையிலிருந்த உறையை உருவி, உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தாள். இனி யார் எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் பார்ப்பாள்.

வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். முத்துக்கருப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு, "வேணாம் தம்பி," என்றார். முதல் தடவையாகத் தம்பி என்றார்.

அப்பனும் மகளும் விறுவிறுவென்று நடந்தார்கள். நான் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன், எதற்கென்று தெரியாமல். டவுன் பஸ் நெரிசலாக வந்தது. அவர் படியில் ஏறி, இடித்துத் தள்ளி, மகளை உள்ளே இழுத்துக்கொண்டார். கம்பியைப் பிடித்திருந்த கைகளில் எது அவளுடையது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே பஸ் கிளம்பிவிட்டது.

போன் அடித்தது. பிரின்சிபால் எதையும் விசாரிக்கவில்லை, மேடம் சொல்லியிருப்பார். மலைச்சாமி மகன், வாடிப்பட்டி, இருநூற்று அறுபத்தெட்டு என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அவர் வைக்கும் முன், முடியாது என்று சொல்லக் கொஞ்சம் நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஸ்வீட் கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் என் கழுத்து அடையாள அட்டையைப் பார்த்ததும், "லட்டுத்தானே சார்? அரைக்கிலோவா?" என்று கேட்டுக்கொண்டே தட்டைக் கண்ணாடிக்குள்ளிருந்து வெளியே இழுத்தார்.